தப்பெண்ணம் எங்கிருந்து வருகிறது, அறிவால் அதை என்ன செய்ய முடியும்? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பள்ளி ஆசிரியர். ஆசிரியர் கூட்டங்களிலும் பெற்றோர் கூட்டங்களிலும் இந்தப் பேச்சை எடுத்தால் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வருகின்றன. சிலர் சந்தேகமாகக் கேட்பார்கள், சிலர் கோபமாக. நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

தப்பெண்ணம், பாரபட்சம் எல்லாம் ஒன்றுதானே?

ஒன்றில்லை. "போலீஸ்காரர் பிள்ளை திருடன், வாத்தியார் பிள்ளை மக்கு" என்று ஊரில் சொல்வார்கள். அது ஒரு முத்திரை. என் பிள்ளைகளிடமே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போகலாம், நானும் சிரித்துவிடுவேன். அந்த முத்திரையோடு வெறுப்போ பயமோ இளக்காரமோ சேர்ந்து, ஆளைப் பார்க்கும் முன்பே முடிவு கட்டிவிட்டால் அது தப்பெண்ணம். அந்த முடிவை வைத்து வேலை தர மறுத்தால், தனி டம்ளர் வைத்தால், அது பாரபட்சம்.

மூன்றும் எப்போதும் கைகோத்துக்கொண்டு வருவதில்லை. 1930களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் சீனர்கள் மீதான வெறுப்பை யாரும் மறைக்கவில்லை. அந்தக் காலத்தில் ரிச்சர்ட் லாபியேர் என்ற சமூகவியலாளர் ஒரு சீனத் தம்பதியோடு நாடு முழுக்கக் காரில் சுற்றினார். தங்கும் விடுதியும் உணவகமுமாக 251 இடங்களில் ஏறி இறங்கியதில் ஒரே ஒரு இடத்தில்தான் முடியாது என்றார்கள். அப்புறம் அதே இடங்களுக்கு "சீனர்களை அனுமதிப்பீர்களா?" என்று கடிதம் எழுதிக் கேட்டார். பதில் போட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் "மாட்டோம்" என்று எழுதினார்கள். நன்றாக உடுத்தி, நல்ல ஆங்கிலம் பேசி, எதிரில் சிரித்த முகமாக நிற்கும் ஜோடியை விரட்ட மனசு வரவில்லை. காகிதத்தில் இருக்கும் "சீனர்" என்ற சொல்லை விரட்டுவது சுலபமாக இருந்தது.

நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழ். வாயால் கேட்டால் "நாங்க அதெல்லாம் பார்க்கிறதில்லைங்க." வாடகைக்கு வீடு கேட்டுப் போங்கள். முதல் கேள்வி சைவமா, இரண்டாவது கேள்வி சொந்த ஊர் எது. மூன்றாவது கேள்வி வருவதற்குள் வீட்டுக்கு வேறு யாரோ அட்வான்ஸ் கொடுத்திருப்பார்கள்.

இது பிறவியிலேயே வருவதா, வீட்டில் கற்றுக்கொள்வதா?

பிறந்து சில நாளான குழந்தை எல்லா இனத்து முகங்களையும் ஒரே மாதிரிதான் பார்க்கிறது. மூன்று மாதத்தில், தன்னைச் சுற்றியிருப்பவர்களின் சாயல் கொண்ட முகத்தைக் கூடுதல் நேரம் பார்க்கத் தொடங்குகிறது. இரண்டு இனத்தவர் மத்தியில் வளரும் குழந்தைகளிடம் அந்தச் சாய்வு தெரியவில்லை. ஆக, சாயும் குணம் உள்ளே இருக்கிறது. எந்தப் பக்கம் சாய்வது என்பதை வீடும் தெருவும் சொல்லிக்கொடுக்கின்றன.

சாய்வதற்கு எவ்வளவு சின்னக் காரணம் போதும் என்பதைக் காட்டியவர் ஹென்றி தாஜ்ஃபெல். போலந்தில் பிறந்த யூதர். இரண்டாம் உலகப் போரில் பிரெஞ்சுப் படையில் இருந்து ஜெர்மானியரிடம் கைதியானார். அவர் போலந்து யூதர் என்பது தெரியாமல் போனதால் உயிர் தப்பினார். திரும்பி வந்தபோது குடும்பத்தில் ஏறக்குறைய யாரும் மிஞ்சவில்லை. பிற்பாடு இங்கிலாந்தின் பிரிஸ்டலில் பேராசிரியராக இருந்தபோது அவர் எழுப்பிய கேள்வி இது: ஒருவன் தன் கூட்டம், அடுத்த கூட்டம் என்று பார்க்கத் தொடங்குவதற்கு ஆகக் குறைந்தபட்சம் என்ன வேண்டும்?

1970 வாக்கில் 14, 15 வயதுப் பையன்களுக்கு க்ளே, காண்டின்ஸ்கி என்ற இரு ஓவியர்களின் படங்களைக் காட்டி எது பிடித்திருக்கிறது என்று கேட்டார்கள். பிறகு நீ க்ளே கூட்டம், நீ காண்டின்ஸ்கி கூட்டம் என்று பிரித்தார்கள். உண்மையில் பிரித்தது குருட்டாம்போக்கில். தன் கூட்டத்தில் வேறு யார் யார் என்பதுகூடப் பையனுக்குத் தெரியாது. அவன் செய்ய வேண்டியது, முகம் தெரியாத இரண்டு பேருக்குப் புள்ளிகளைப் பிரித்துக் கொடுப்பது. புள்ளிக்குக் காசு உண்டு, ஆனால் பிரிப்பவனுக்கு ஒன்றும் கிடையாது. தன் கூட்டத்தானுக்கு 19, அடுத்தவனுக்கு 25 என்று கொடுக்கலாம். ஆளுக்கு 13 கொடுக்கலாம். 7, 1 என்றும் கொடுக்கலாம். பையன்கள் 7, 1 இருக்கும் பக்கமாகச் சாய்ந்தார்கள். நம் ஆளுக்குக் குறைந்தாலும் சரி, அவனைவிட அதிகமாக இருக்க வேண்டும்.

பங்காளிச் சண்டையில் வரப்பு வெட்டியதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் அங்கே நிலமாவது இருக்கிறது. இங்கே இருந்தது முந்தின அரைமணி நேரத்தில் ஒட்டிய ஒரு பெயர். தெரு, கோயில், சுடுகாடு வரை பிரித்து வைத்திருக்கும் ஊரில் வளரும் பிள்ளையின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் கண்ணால் பார்த்ததைத்தானே சொல்கிறேன்?

இப்படிக் கேட்பவர் பொய் சொல்வதில்லை. பார்த்திருப்பார். தவறு எண்ணிக்கையில் நடக்கிறது.

1976-ல் ஹாமில்டன், கிஃபர்ட் என்ற இருவர் ஒரு சோதனை வைத்தார்கள். பெரிய கூட்டம் ஒன்றைப் பற்றி 26 வாக்கியங்கள், சின்னக் கூட்டம் ஒன்றைப் பற்றி 13. பெரியதில் 18 நல்ல செயல், 8 கெட்ட செயல். சின்னதில் 9 நல்லது, 4 கெட்டது. விகிதம் ஒன்றேதான். ஆனால் படித்து முடித்தவர்களுக்குச் சின்னக் கூட்டத்தின் கெட்ட செயல்கள் இருந்ததைவிட அதிகமாக ஞாபகம் இருந்தன. எப்போதாவது பார்க்கிற ஆள், எப்போதாவது நடக்கிற தப்பு. இரண்டும் ஒன்றாக வந்தால் மனசு அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்கிறது.

செய்தித்தாளில் பாருங்கள். பிடிபட்ட திருடன் உள்ளூர்க்காரன் என்றால் "வாலிபர் கைது." பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவன் என்றால் "வடமாநில வாலிபர் கைது." உள்ளூர்த் திருடர்கள் அத்தனை பேரும் "வாலிபர்" என்ற சொல்லுக்குள் மறைந்துபோகிறார்கள். வெளியூர்க்காரன் ஒருவன் தன் மாநிலத்தையே முதுகில் சுமக்கிறான்.

2018-ல் வடநாட்டுக்காரர்கள் பிள்ளை பிடிக்க வந்திருப்பதாக வாட்ஸாப்பில் புரளி ஓடியது. அந்த மே மாதம் குலதெய்வக் கோயிலுக்குப் புறப்பட்ட சென்னைக் குடும்பம் ஒன்று திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே வழி கேட்க நின்றது. அதில் இருந்த வயதான அம்மா அங்கிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். ஊர் கூடி அடித்ததில் இறந்துபோனார். அடித்தவர்களும் "கண்ணால் பார்த்தோம்" என்றுதான் நினைத்திருப்பார்கள். இன்னொரு நாளாக இருந்தால் அது ஒரு பாட்டி மிட்டாய் கொடுத்த காட்சி.

நெருப்பில்லாமல் புகையுமா?

இந்தப் பழமொழி வராத கூட்டமே கிடையாது. புகைவது உண்மைதான். யார் ஊதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்து 1974-ல் வெளியான ஆய்வு இது. வெள்ளை மாணவர்களை நேர்காணல் எடுக்கச் சொன்னார்கள். வந்தவர் கறுப்பினத்தவர் என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்கள், சீக்கிரம் முடித்தார்கள், பேச்சில் தடுமாற்றம் கூடியது. அடுத்த கட்டத்தில், அந்த இரண்டு விதமாகவும் நடந்துகொள்ள ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து வெள்ளையர்களையே நேர்காணல் செய்யவைத்தார்கள். தள்ளி உட்கார்ந்து சீக்கிரம் முடித்த நேர்காணலில் அந்த வெள்ளையர்களும் சொதப்பினார்கள். தேர்வாளர் கடைசியில் "பாருங்கள், ஆள் சுமார்தான்" என்று எழுதுவது அவரே சமைத்ததை அவரே ருசி பார்ப்பது.

உத்தரப் பிரதேச கிராமப் பள்ளிகளில் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் ஆறு, ஏழாம் வகுப்புப் பையன்களுக்குப் புதிர்ப்பாதைகளை விடுவிக்கக் கொடுத்தார்கள், சரியான விடைக்குக் காசு. சாதி பற்றிப் பேச்சே எடுக்காதபோது தலித் பையன்களும் மேல்சாதிப் பையன்களும் சமமாகவே செய்தார்கள். எல்லோர் முன்னிலையிலும் ஊரும் பேரும் சாதியும் வாசித்துவிட்டுக் கொடுத்தபோது தலித் பையன்கள் விடுவித்த எண்ணிக்கை கணிசமாக இறங்கியது. மூளை மாறவில்லை, வாசித்தது மட்டும்தான் மாறியது. வகுப்பறையில் உதவித்தொகைப் பட்டியலைச் சத்தமாக வாசிக்கும் ஆசிரியர்கள் இதை இரண்டு தடவை படிக்கலாம்.

அரசாங்கமே ஊதிய கதையும் நம்மிடம் உண்டு. பிறப்பாலேயே குற்றவாளி என்று சில சமூகங்களை முத்திரை குத்தும் குற்றப் பழங்குடியினர் சட்டத்தை வெள்ளைக்காரர்கள் 1871-ல் வடக்கே கொண்டுவந்தார்கள். 1911-ல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். மதுரைப் பக்கம் இதற்கு ரேகைச் சட்டம் என்றே பெயர். ஒரு குற்றமும் செய்யாதவன் கைரேகை பதிய வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் போய்ப் படுக்க வேண்டும். இதை எதிர்த்து நின்ற உசிலம்பட்டி அருகேயுள்ள பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. பலர் இறந்தார்கள், அதில் ஒரு பெண்ணும் உண்டு. வெளியூர் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும் என்றால் எவன் வேலை கொடுப்பான்? வேலை கிடைக்காதவனைக் காட்டி "சொன்னோம் அல்லவா" என்று கோப்பில் எழுதுவது எவ்வளவு வசதி! சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-ல்தான் ஒழிந்தது.

படித்தவர்களிடம் இது குறைவுதானே?

வெளியே சொல்வது குறைவு. அதற்கு மேல் நம்பிவிட வேண்டாம்.

யேல் பல்கலைக்கழகத்தின் டான் கஹானும் சகாக்களும் 2013-ல் அமெரிக்கர்களிடம் எண்கள் கொண்ட ஓர் அட்டவணையைக் கொடுத்தார்கள். சிலருக்கு அது தோல் களிம்பு பற்றியது என்றார்கள். கணக்கில் கெட்டிக்காரர்கள் சரியாகப் படித்தார்கள். வேறு சிலருக்கு அதே எண்களையே கைத்துப்பாக்கித் தடையும் குற்றங்களும் என்று தலைப்பு மாற்றிக் கொடுத்தார்கள். இப்போது கெட்டிக்காரர்களின் திறமை, விடை தங்கள் கட்சிக்குச் சாதகமாக இருந்தபோது வேலை செய்தது, பாதகமாக இருந்தபோது படுத்துக்கொண்டது. இரு தரப்புக்கும் இடைவெளி அதிகமானது கணக்கு நன்றாகத் தெரிந்தவர்களிடம்தான். அறிவு பெரும்பாலும் நமக்கு வக்கீலாக இருக்கிறது. நீதிபதி நாற்காலியில் அதைத் தனியாகப் பிடித்து உட்காரவைக்க வேண்டும்.

நான் சாதி, மதம் எதையும் பார்ப்பதே இல்லை. எனக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். "நான் அப்படிப்பட்டவன் இல்லை" என்று ஒரு தடவை நிரூபித்துவிட்டவர்கள் அடுத்த தடவை கொஞ்சம் தாராளமாகவே சறுக்குகிறார்கள் என்று 2001-ல் மோனின், மில்லர் இருவரும் காட்டினார்கள். தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதியை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் போய்விட்டது. அது பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதன்பிறகு குலதெய்வம் எது, ஊரில் எந்தத் தெரு என்று விசாரிக்கும் கலையில் நாம் எவ்வளவு தேர்ந்துவிட்டோம்!

தப்பான எண்ணம் வந்தால் அடக்கிவிட வேண்டியதுதானே?

அடக்கினால் திமிறிக்கொண்டு வரும். 1994-ல் நீல் மக்ரேயும் சகாக்களும் மொட்டைத் தலை ரௌடி ஒருவனின் படத்தைக் கொடுத்து அவன் ஒரு நாளை எப்படிக் கழிப்பான் என்று எழுதச் சொன்னார்கள். ஒரு சாராரிடம் மட்டும் "முத்திரை குத்தாமல் எழுதுங்கள்" என்றார்கள். அவர்கள் கட்டுப்பாடாக எழுதினார்கள். பிறகு அவனைச் சந்திக்கலாம் என்று அறைக்குள் அனுப்பினால், நாற்காலியில் அவன் உடைமைகள் மட்டும் இருந்தன. அடக்கி எழுதியவர்கள் மற்றவர்களைவிடத் தள்ளிப் போய் உட்கார்ந்தார்கள்.

அப்படியென்றால் அறிவால் பயனே இல்லையா?

இருக்கிறது, ஆனால் நேரம் முக்கியம். ஆளைப் பார்த்து முடிவு செய்தபிறகு அறிவைக் கூப்பிட்டால் அது காரணம் கண்டுபிடித்துக் கொடுக்கும். பார்ப்பதற்கு முன்பே கூப்பிட வேண்டும்.

போலீஸ் தலைமைப் பதவிக்கு ஓர் ஆண், ஒரு பெண். ஒருவருக்குப் படிப்பு அதிகம், ஒருவருக்குக் களஅனுபவம் அதிகம். யாரை எடுப்பீர்கள்? 2005-ல் உல்மன், கோஹன் இதைச் சோதித்தார்கள். ஆணுக்குப் படிப்பு இருந்தால் "இந்த வேலைக்குப் படிப்புதான் முக்கியம்" என்ற எண்ணம் கூடியது. பெண்ணுக்கு அதே படிப்பு இருந்தால் அதன் மதிப்பு இறங்கியது. விண்ணப்பங்களைக் காட்டும் முன்பே எது முக்கியம் என்று எழுதி வாங்கிக்கொண்டபோது இந்த ஓரவஞ்சனை காணாமல் போனது. செலவு ஒரு தாள், ஐந்து நிமிடம்.

இன்னொன்று, கேள்வியைத் திருப்பிப் போடுவது. 1984-ல் மரண தண்டனையை ஆதரிப்பவர்களிடமும் எதிர்ப்பவர்களிடமும் அது குற்றத்தைக் குறைக்கிறதா என்ற இரண்டு ஆய்வுகளைக் கொடுத்தார்கள். ஒன்று ஆம் என்றது, ஒன்று இல்லை என்றது. சிலரிடம் "நீதிபதிபோல நடுநிலையாகப் படியுங்கள்" என்றார்கள். ஒன்றும் மாறவில்லை, படித்து முடித்ததும் அவரவர் பழைய கருத்தில் இன்னும் இறுகினார்கள். வேறு சிலரிடம் "இதே ஆய்வு, இதே முறை, ஆனால் முடிவு நேர் எதிராக வந்திருந்தால் அதை இப்படித்தான் மதிப்பிடுவீர்களா என்று ஒவ்வொரு கட்டத்திலும் கேட்டுக்கொள்ளுங்கள்" என்றார்கள். அவர்கள் இறுகவில்லை. "நியாயமாக இரு" என்ற அறிவுரை தோற்ற இடத்தில் ஒரு கேள்வி ஜெயித்தது. வகுப்பில் கண்ணாடி உடைந்தால் நான் இப்போது கேட்டுக்கொள்வது: முதல் பெஞ்சுப் பையன் இதைச் செய்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

மூன்றாவது வழி, தெரிய வேண்டாததைத் தெரியாமலே வைத்துக்கொள்வது. பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்துகிறவருக்குப் பையனின் பேரும் தெரியாது, பள்ளியும் தெரியாது. முன்பு டம்மி எண் போட்டார்கள், இப்போது பார்கோடு. ஆசிரியர்கள் யோக்கியர்களா இல்லையா என்ற விவாதத்துக்கே அங்கே இடமில்லை. பேரைக் கிழித்து எடுத்துவிட்டால் யோக்கியனும் மற்றவனும் ஒரே மாதிரித்தான் திருத்துவார்கள்.

மனசுக்குள் ஒளிந்திருப்பதைக் கம்ப்யூட்டர் சோதனை கண்டுபிடிக்குமாமே?

1998-ல் வந்த மறைமுகத் தொடர்புச் சோதனையைச் சொல்கிறீர்கள். ஒரு கூட்டத்தாரை நல்ல சொல்லோடும் கெட்ட சொல்லோடும் எவ்வளவு வேகமாகச் சேர்க்கிறோம் என்று பார்ப்பது அது. பெரிய கூட்டத்தின் சராசரியைப் பார்க்க அது உதவும். தனி ஆளுக்கு இன்று ஒரு மதிப்பெண், அடுத்த வாரம் வேறு மதிப்பெண் காட்டும். அதை வைத்து ஒருவரைத் தப்பெண்ணக்காரர் என்று சொல்வது, அதுவே ஒரு தப்பெண்ணம்.

நெருங்கிப் பழகினால் சரியாகிவிடாதா?

பண்ணையாரும் பண்ணையாளும் தலைமுறை தலைமுறையாகத் தினமும் பழகினார்கள். டீக்கடைக்காரர் தனி டம்ளரில் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சுகம் விசாரித்தார். பழக்கம் மட்டும் போதும் என்றால் தீண்டாமை என்றைக்கோ ஒழிந்திருக்க வேண்டும்.

பழக்கம் பலன் தருவதற்கான நிபந்தனைகளை கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே சொல்லிவிட்டார். இருவருக்கும் சம அந்தஸ்து, பொதுவான இலக்கு, சேர்ந்து செய்யும் வேலை, மேலிடத்தின் ஆதரவு. அதே ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் முஸாஃபர் ஷெரீஃப் சிறுவர் முகாம் ஒன்றில் இரண்டு அணிகளைப் போட்டியால் எதிரிகளாக்கினார். சும்மா சேர்த்து உட்காரவைத்துச் சாப்பாடு போட்டதில் ஒருவர்மேல் ஒருவர் சோற்றை வீசினார்கள். குடிதண்ணீர்த் தொட்டி நின்றுபோய் எல்லோரும் சேர்ந்து சரிசெய்ய வேண்டி வந்தபோது, லாரியைக் கயிறு கட்டி இழுக்க வேண்டி வந்தபோது, கொஞ்சம் கொஞ்சமாகப் பகை கரைந்தது.

உத்தரப் பிரதேசத்தில் மாட் லோவ் என்ற பொருளாதார அறிஞர் பல சாதி இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் லீக் நடத்திப் பார்த்தார். வேற்றுச் சாதியாரோடு ஒரே அணியில் ஆடியவர்களுக்கு அந்தப் பக்கம் நண்பர்கள் கூடினார்கள். வேற்றுச் சாதியாரை எதிரணியில் பார்த்தவர்களுக்குக் குறைந்தார்கள். மைதானம் ஒன்று, பந்து ஒன்று, முடிவு இரண்டு. தெருவுக்கு ஒரு டீம், டீமுக்கு ஒரு சாதி என்று கோப்பை நடத்தும் ஊர்க்காரர்கள் கவனிக்க வேண்டும்.

டெல்லியில் 2007 முதல் பெரிய தனியார் பள்ளிகள் ஏழைப் பிள்ளைகளையும் சேர்க்க வேண்டி வந்தது. கௌதம் ராவ் ஆராய்ந்ததில், அவர்களோடு ஒரே வகுப்பில் இருந்த பணக்காரப் பிள்ளைகள் தாராளமாகக் கொடுப்பவர்களாகவும், ஏழைப் பிள்ளைகளை ஒதுக்குவது குறைந்தவர்களாகவும் ஆகியிருந்தார்கள். நம்மிடம் 1997-ல் தொடங்கிய சமத்துவபுரம் திட்டம் இருக்கிறது. நூறு வீடுகளில் 40 தலித்துகளுக்கு, 25 பிற்படுத்தப்பட்டோருக்கு, 25 மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு, 10 மற்றவர்களுக்கு. சம அந்தஸ்தும் மேலிட ஆதரவும் அதில் உண்டு. சேர்ந்து செய்ய ஒரு வேலை அதில் போதவில்லை என்பது என் கருத்து. பக்கத்துப் பக்கத்து வீடு வேறு, ஒரே கயிற்றைப் பிடித்து இழுப்பது வேறு.

வீட்டில் பெரியவர்கள் பேசும்போது என்ன செய்வது?

புள்ளிவிவரத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். நான் போயிருக்கிறேன். சித்தப்பா மூன்று நாள் என்னோடு பேசவில்லை, கருத்தும் மாறவில்லை.

வீடு வீடாகப் போய்ப் பேசிக் கருத்தை மாற்றலாம் என்று அமெரிக்காவில் ஓர் ஆய்வு வந்து, தரவு புனைவு என்று தெரிந்து 2015-ல் திரும்பப் பெறப்பட்டது. அந்தப் புனைவைக் கண்டுபிடித்தவர்களில் இருவரான புரூக்மன், கல்லா அதே சோதனையை மியாமியில் ஒழுங்காகச் செய்துபார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்களுக்கு உண்மையிலேயே பலன் கிடைத்தது. திருநர் பற்றிப் பத்து நிமிடப் பேச்சு, மூன்று மாதம் கழித்தும் மிச்சமிருந்த மாற்றம். 2016-ல் வெளியிட்டார்கள். அந்தப் பேச்சில் வாதமே இல்லை. "உங்களை யாராவது அப்படி ஒதுக்கியிருக்கிறார்களா?" என்று கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காது கொடுத்தார்கள். நினைவுபடுத்திச் சொன்னவர் அங்கிருந்து தானாகவே அடுத்த அடி எடுத்துவைத்தார். சித்தப்பாவிடம் அப்புறம் நான் கேட்டது, ராணுவத்தில் இருந்தபோது "மதராஸி" என்று கூப்பிட்டார்களா என்று. ஒரு மணி நேரம் பேசினார்.

உங்களுக்கே இது நடந்திருக்கிறதா?

ஒரு மாதத் தேர்வில் பையன் ஒருவன் இரண்டு தாள்களைக் கொண்டுவந்து காட்டினான். "சார், அவனும் இதையேதானே எழுதியிருக்கான்?" ஏறக்குறைய வரிக்கு வரி ஒரே விடை. அவன் நண்பனுக்கு ஐந்துக்கு நான்கு போட்டிருந்தேன், இவனுக்கு இரண்டு. இவனுடைய அண்ணன் சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் படுத்தாத பாடில்லை. அண்ணனுக்குப் போட வேண்டியதைத் தம்பிக்குப் போட்டிருக்கிறேன். அதைவிட மோசம், அவன் கேட்டவுடன் இரண்டு மதிப்பெண்ணுக்கு என் வாயில் காரணமும் தயாராக இருந்தது: "படத்துல அம்புக்குறி சரியில்ல." நண்பன் தாளிலும் அம்புக்குறி அப்படித்தான் இருந்தது.

அதிலிருந்து பிள்ளைகள் பேரைக் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் எழுதுகிறார்கள். நாற்பது பேரில் ஏழெட்டுப் பேரின் கையெழுத்து எனக்குத் தெரிந்துவிடும். அந்தத் தாள்களைப் பக்கத்து வகுப்பு டீச்சருக்குக் கொடுத்துவிட்டு, அவருடையதில் ஏழெட்டை நான் வாங்கிக்கொள்கிறேன்.